இது எந்தத் தண்ணி மீன்?

எண்ணூர் முகத்துவாரம், கொடைக்கானல் ஏரி, ஆழ்கடல். மூன்று தண்ணீரிலும் மீனின் உடலில் உலோகம் சேர்கிறது. ஆனால் அதன் விலையை எல்லோரும் ஒரே அளவில் கொடுப்பதில்லை.

பொழுது புலருமுன்பே கொற்றலை ஆற்றின் முகத்துவாரத்தில் தலைகள் தெரிகின்றன. எண்ணூரை ஒட்டிய அந்தக் கழிமுகத்தில் இருளர் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சில இடங்களில் மோவாய் நனையும்படி அமர்ந்து, இரு கைகளையும் சேற்றுக்குள் விட்டுத் துழாவியபடி நகர்கிறார்கள். வலை இல்லை, தூண்டில் இல்லை. விரலில் இறால் தட்டுப்பட்டதும் அமுக்கிப் பிடித்து, வாயில் கவ்வியிருக்கும் பனையோலைப் பறிக்குள் போடுகிறார்கள். சிப்பியின் விளிம்பு கிழித்த கைகள். உப்பில் ஊறி வெளுத்த விரல்கள். நிமிர்ந்தால் அனல் மின் நிலையங்களின் புகைபோக்கிகள் தெரிகின்றன. குனிந்து அள்ளினால், பழைய கறுப்புச் சேறு இருந்த இடங்களில் சாம்பல் நிறத்தில் நைசாக வழுக்கிக்கொண்டு வருகிறது நிலக்கரிச் சாம்பல்.

பிடித்ததில் பெரிய இறால் வியாபாரிக்குப் போய்விடும். நண்டும் மடவையும் சந்தைக்குப் போகும். விலை போகாத பொடி இறாலும் சிறு மீனும் வீட்டு அடுப்புக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மீன் வாங்கும் நகரத்துக் குடும்பத்துக்கும் கழிக்கரைக் குடும்பத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். இவர்களுக்கு மீன் அன்றாடச் சோறு.

சென்னையில் மீன் வாங்குகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள், கண் தெளிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள், சதையை விரலால் அழுத்திப் பார்ப்பார்கள். 2018-ல் மீன் கெடாமலிருக்க ஃபார்மலின் ரசாயனம் சேர்க்கிறார்கள் என்ற பீதி கிளம்பியபோது அதைச் சோதிக்கக் காகிதப் பட்டையும் கையில் இருந்தது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் அதை உருவாக்கியிருந்தது. பாதரசத்துக்கும் காட்மியத்துக்கும் ஈயத்துக்கும் அப்படி ஒரு பட்டை சந்தையில் கிடையாது. இவற்றுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை, ருசி இல்லை. மஞ்சள் தடவினாலும் புளியில் ஊறவைத்தாலும் எண்ணெயில் பொரித்தாலும் போகாது. அன்று காலையில் துள்ளிய மீனிலும் இருக்கும்.

‘மீன் நல்லதா, கெட்டதா?’ என்று கேட்டால் இதற்குப் பதில் கிடைக்காது. எந்தத் தண்ணீர், எந்த மீன், அதன் எந்தப் பாகம், சாப்பிடுவது யார் என்ற நான்கும் தெரிய வேண்டும். நம் ஊரில் இந்த நான்கையும் சேர்த்துச் சொல்ல யாரும் இல்லை.

சாம்பல் இறங்கிய ஆறு

வடசென்னை அனல் மின் நிலையம் 1994-ல் இயங்கத் தொடங்கியது. முதலில் 630 மெகாவாட். பிறகு இரண்டாம் நிலையில் 1,200 மெகாவாட். 2024 மார்ச்சில் மூன்றாம் நிலையில் இன்னொரு 800 மெகாவாட். அருகிலேயே வல்லூரில் 1,500 மெகாவாட். இந்திய நிலக்கரியில் நூறு கிலோவை எரித்தால் முப்பதிலிருந்து நாற்பத்தைந்து கிலோ வரை சாம்பல் மிஞ்சும். அந்தச் சாம்பலைத் தண்ணீரில் குழம்பாகக் கரைத்து, குழாய் வழியாகச் செப்பாக்கம் பக்கமுள்ள சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய்கள் கழிமுகத்தைக் கடந்து போகின்றன. அவை உடைந்து, ஒழுகி, ஆற்றிலேயே சாம்பலைக் கொட்டியது ஒருமுறை நடந்த விபத்தல்ல. வருடக்கணக்காக நடந்தது.

நிலக்கரிக்குள் மிகச் சிறு அளவில் ஆர்சனிக், ஈயம், காட்மியம், குரோமியம், பாதரசம் எல்லாம் இருக்கின்றன. எரியும்போது பாதரசத்தின் பெரும்பகுதி ஆவியாகிப் புகையோடு மேலே போகிறது. மற்றவற்றில் பெரும்பாலானவை ஆவியாகி, குளிர்ந்து, சாம்பலின் மிக நுண்ணிய துகள்களின் மேல் படிகின்றன. தண்ணீரில் அதிக தூரம் போவதும், வண்டலில் ஒட்டுவதும், புழுவும் இறாலும் விழுங்குவதும் அதே நுண்துகள்தான்.

சாம்பல் மட்டும் என்றால்கூடக் கதை எளிது. மணலித் தொழிற்பேட்டையின் கழிவு பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக இங்கேதான் வந்து சேர்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து எண்ணெய் இறங்கி முகத்துவாரம் முழுக்கப் படர்ந்தபோது, அலையாத்திச் செடிகளும் படகுகளும் நாரைகளும் கறுத்ததை நாடே பார்த்தது. கச்சா எண்ணெயில் நிக்கலும் வனேடியமும் உண்டு என்பது அன்றைய செய்திகளில் அதிகம் பேசப்படவில்லை. மிதந்த எண்ணெயை வாளியால் மொண்டு எடுத்தார்கள். அடியில் படிந்ததை மொள்ள முடியாது.

எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றி அறிவியல் இதழ்களில் ஆய்வுக் கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை. 2015-ல் வெளிவந்த ஓர் ஆய்வு நீர், அடிவண்டல், மீன் மூன்றிலும் உலோகத்தை அளந்து, சென்னை மாநகரத்தின் சுவடு மீனின் உடலில் பதிந்திருப்பதைக் காட்டியது. பச்சைச் சிப்பிகளை வைத்துச் செய்த ஆய்வுகளும் இருக்கின்றன. அவை ஆங்கிலத்தில், கட்டணம் கட்டிப் படிக்க வேண்டிய இதழ்களில் கிடக்கின்றன. யாருடைய உடலைப் பற்றிய செய்தியோ அவர்களைத் தவிர மற்றவர்களுக்கே அது போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஒரே உலோகம், வேறு வேறு தண்ணீர்

உலோகம் மீனுக்குள் போக இரண்டு வாசல்கள்: செவுள், வாய். செவுள் வழியாக எவ்வளவு நுழையும் என்பதைத் தண்ணீரின் குணம் முடிவு செய்கிறது.

மலை ஏரிகளிலும் காட்டு ஓடைகளிலும் இருப்பது பெரும்பாலும் மென்னீர். கால்சியம் குறைவு. மீனின் செவுளில் கால்சியம் நுழையும் வழியிலேயே காட்மியமும் நுழைந்துவிடும். போட்டிக்குக் கால்சியம் இல்லாதபோது அதற்கு வழி தாராளம். கடல்நீரில் நிலைமை வேறு. குளோரைடு காட்மியத்தைப் பிடித்துத் தன்னோடு கட்டிக்கொள்வதால் செவுளுக்கு எளிதில் கிடைப்பதில்லை. அதனால் ஒரே அளவு காட்மியம் கரைந்திருந்தாலும் ஏரி மீனுக்கு வரும் ஆபத்து கடல் மீனுக்கு வருவதில்லை.

இரண்டும் சந்திக்கும் கழிமுகம்தான் மிகவும் சிக்கலான இடம். ஆற்று நீர் உப்பைத் தொட்டதும் அதில் மிதந்துவந்த களிமண் துகள்கள் திரண்டு அடியில் படிகின்றன. அவற்றோடு ஒட்டியிருந்த ஈயமும் தாமிரமும் வண்டலாகின்றன. அதே நேரத்தில் காட்மியம் துகளைவிட்டுப் பிரிந்து, கரைந்து வெளியே வருகிறது. கழிமுகம் கடலுக்குப் போக வேண்டியதில் பெரும்பங்கைத் தன் அடியில் வைத்துக்கொள்கிறது. இறாலும் நண்டும் மடவையும் மேய்வது அந்த அடியில்தான். தூர்வாரினாலும் வெள்ளம் வந்தாலும் பழைய வண்டல் கலங்கி, எப்போதோ கொட்டிய உலோகம் மறுபடி தண்ணீருக்கு ஏறும்.

பாதரசத்தின் கதை தனி. காற்றுப் புகாத சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள், பெரும்பாலும் சல்பேட்டைச் சுவாசித்து வாழ்பவை, சாதாரணப் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. இந்த வேலையைச் செய்யும் மரபணுக்களையே 2013-ல்தான் கண்டுபிடித்தார்கள். மெத்தில் பாதரசம் புரதத்தோடு இறுகப் பிணைந்துகொள்ளும். உடலைவிட்டு மெல்லத்தான் போகும். பாசியைத் தின்ற பூச்சி, பூச்சியைத் தின்ற சிறு மீன், சிறு மீனைத் தின்ற பெரிய மீன் என்று ஒவ்வொரு படியிலும் அது வட்டிக்கு வட்டியாக ஏறுகிறது. தண்ணீரில் இருப்பதைப் போலப் பத்து லட்சம் மடங்குக்கும் மேல் கொன்றுண்ணி மீனின் சதையில் இருக்கலாம். ஈயமும் காட்மியமும் பொதுவாக இப்படிப் படிப்படியாக ஏறுவதில்லை. அடியில் மேயும் உயிர்களில்தான் அவை அதிகம்.

ஆகவே, ‘பெரிய மீன் ஆபத்து, சின்ன மீன் பத்திரம்’ என்ற விதி பாதரசத்துக்குப் பொருந்தும். சாம்பல் படிந்த கழியில் பிடித்த சிப்பிக்குப் பொருந்தாது.

பெட்டிச் செய்தி: மீனில் எங்கே என்ன இருக்கும்?

பாதரசம்: சதையில். தோலை உரித்தாலும் கொழுப்பை நீக்கினாலும் குறையாது. சமைக்கும்போது நீர் வற்றுவதால் எடைக்கு எடை சற்றுக் கூடவே செய்யும்.

காட்மியம்: மீனின் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும், நண்டின் ஓட்டுக்குள் இருக்கும் பழுப்புக் கொழுப்பில், கணவாயின் குடல் பையில், இறால் தலையில். குடலையும் தலையையும் நீக்கினால் பெரும்பகுதி போய்விடும்.

ஈயம்: எலும்பு, செதில், செவுள். சதையில் குறைவு.

ஆர்சனிக்: கடல் மீனில் இருப்பதில் பெரும்பகுதி ஆர்சனோபீட்டைன் என்ற, உடலுக்குத் தீங்கு செய்யாத வடிவம். மொத்த ஆர்சனிக் அளவை மட்டும் பார்த்துக் கடல் மீனை விலக்க வேண்டியதில்லை.

துத்தநாகம், தாமிரம், இரும்பு, செலினியம்: மீனுக்கும் நமக்கும் தேவையானவை. மிகையானால்தான் தொல்லை.

சிப்பி, மட்டி: முழுதாகச் சாப்பிடுகிறோம்; எந்தப் பாகத்தையும் நீக்குவதில்லை. தண்ணீரை வடிகட்டி உண்ணும் இவை தாம் இருக்கும் இடத்தின் உலோகத்தை அப்படியே சேர்த்து வைக்கும். 1975-ல் அமெரிக்க விஞ்ஞானி எட்வர்ட் கோல்ட்பெர்க் கடலோர மாசைக் கண்காணிக்கச் சிப்பிகளையே காவலர்களாக வைக்கலாம் என்று முன்மொழிந்தார்.

தெர்மாமீட்டர் உடைந்த மலை

கொடைக்கானல் ஏரியில் படகு விடுகிறவர்கள் அந்த ஏரியின் மீனைப் பற்றி யோசிப்பதில்லை. நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனில் இருந்த பாதரச தெர்மாமீட்டர் ஆலை எண்பதுகளின் தொடக்கத்தில் பெயர்த்து எடுக்கப்பட்டு, கொடைக்கானலில் சோலைக்காட்டின் விளிம்பில் நடப்பட்டது. பிறகு அது இந்துஸ்தான் லீவர் வசம் வந்தது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடப்பதைச் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் வெளிப்படுத்திய பிறகுதான் ஆலை மூடப்பட்டது. 2003-ல் ஏறக்குறைய 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்கே கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கு இழப்பீட்டு உடன்பாடு கிடைக்க 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆலை மேட்டில் இருந்தது. அதன் தண்ணீர் வடிவது பாம்பாற்றுப் பக்கம். ஏரி இருப்பது மறுபக்கம். ஆனால் பாதரசம் வாய்க்கால் வழியாக மட்டும் போவதில்லை. ஆவியாகிக் காற்றில் போய், மழையோடும் மூடுபனியோடும் இறங்கும். அணுசக்தித் துறையின் ஐதராபாத் ஆய்வகத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் கொடை ஏரி, பேரிஜம், குக்கல் என மூன்று ஏரிகளை ஒப்பிட்டு 2006-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வண்டலில் பாதரசம் கொடை ஏரியில் அதிகம், பேரிஜத்தில் அதைவிடக் குறைவு, குக்கலில் இன்னும் குறைவு. அதில் மெத்தில் வடிவாக மாறிய பங்கும் அதே வரிசையில் இறங்கியது. கொடை ஏரியில் சுமார் 6 சதவீதம், குக்கலில் 2 சதவீதம். கொடை ஏரியின் மீனிலும் பாதரசம் இருந்தது. ஏரி மாசுபட்டதற்கு ஆலையிலிருந்து வெளியேறிய பாதரசமே காரணம் என்று முடித்தார்கள்.

ஆலை வளாகத்து மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்தால் போதும் என்று நீதிமன்றங்களில் வருடக்கணக்காக வாதம் நடந்தது. மண்ணுக்கு ஒரு எண் கேட்டார்கள், கொடுத்தார்கள், எதிர்த்தார்கள். ஏரி மீனுக்கு அப்படி ஒரு வழக்காடல் நடக்கவில்லை. அங்கே தூண்டில் போடுகிறவருக்கு, ‘இந்த மீனை மாதத்தில் இத்தனை முறைக்கு மேல் சாப்பிட வேண்டாம்’ என்று சொல்ல ஒரு பலகை வைக்க எத்தனை செலவாகும்?

பூனைகள் முதலில் சொன்னன

ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் முதலில் ஆடியவை பூனைகள். மீன் தின்ற பூனைகள் சுழன்று, துடித்துச் செத்தன. 1956 மே 1-ல் சிஸ்ஸோ நிறுவனத்தின் ரசாயன ஆலை மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் ஹஜிமே ஹொசோகாவா, காரணம் தெரியாத நரம்பு நோயொன்று பரவுவதாக அரசுக்கு அறிவித்தார். நடையும் பேச்சும் குலைந்து வந்த குழந்தைகள் மீனவக் குடும்பங்களின் குழந்தைகள். அசிட்டால்டிஹைடு தயாரிக்க ஆலை பாதரசத்தைப் பயன்படுத்தி, கழிவை விரிகுடாவில் விட்டுவந்தது. 1959-ல் ஹொசோகாவா ஆலைக் கழிவை ஒரு பூனைக்கு உணவோடு கொடுத்துப் பார்த்தார். சோதனைப் பதிவில் அதன் எண் 400. அதற்கும் அதே நோய் வந்தது. நிறுவனம் அந்த முடிவை வெளியே விடவில்லை. 1968 வரை கழிவு கடலுக்குப் போய்க்கொண்டேயிருந்தது. அதற்குள் 1965-ல் நீகாடாவில் வேறொரு ஆலையால் அதே நோய் இன்னொருமுறை வந்துவிட்டது.

ஒன்பது ஆண்டுகள். ஒரு பூனையின் சாட்சியத்துக்கும் குழாயை மூடியதற்கும் இடையில் கழிந்த அந்த ஒன்பது ஆண்டுகளில் கருவிலேயே பாதிக்கப்பட்டுப் பிறந்தவர்களை நினைக்கும்போது இதை வரலாறாக மட்டும் படிக்க முடியவில்லை. தாய்க்கு அறிகுறி லேசாக இருந்தது. குழந்தை முடங்கிப் பிறந்தது. தாயின் உடலில் இருந்த மெத்தில் பாதரசம் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கு இறங்கியிருந்தது.

விரிகுடாவின் வாயில் 1974-ல் வலை கட்டி மீன்கள் வெளியே போகாமல் தடுத்தார்கள். 1977-லிருந்து 1990 வரை அடிச்சேற்றைத் தோண்டி எடுத்தார்கள். வலையை அகற்ற 1997 ஆனது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் உலக உடன்படிக்கைக்கு அந்த ஊரின் பெயரையே வைத்தார்கள். 2017-ல் அது நடைமுறைக்கு வந்தது, 2018-ல் இந்தியா ஏற்றது.

எண்ணூர் இன்னொரு மினமாட்டா என்று எழுதுவது எளிது, அது உண்மையல்ல. அங்கே ஒரே ஆலை, ஒரே நஞ்சு, மிக அதிக அளவு. இங்கே பல ஆலைகள், பல உலோகங்கள், ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக. இப்படிப்பட்ட இடத்தில் பூனை ஆடாது. ஒரு பிள்ளை பள்ளியில் சற்றுப் பின்தங்கும், ஒரு நடுவயதுக்காரரின் சிறுநீரகம் சற்று முன்னதாகத் தளரும். எதையும் மீனோடு இணைத்துச் சொல்ல ஒரு மருத்துவராலும் முடியாது. அதனால்தான் அளவீடு வேண்டும் என்கிறோம்.

வரம்புக்குள் இருந்தால் போதுமா?

நாளிதழ்களில் அவ்வப்போது பெரிய எழுத்தில் வரும் எண்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மீனில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். ஆய்வகத்தில் அதைக் காயவைத்துப் பொடியாக்கி அளந்தால், அதே மீனின் எண் நான்கைந்து மடங்கு பெரிதாகத் தெரியும். உணவுச் சட்டங்களின் வரம்போ ஈர எடைக்கானது. காய்ந்த எடை எண்ணை ஈர எடை வரம்போடு ஒப்பிட்டு, ‘அனுமதித்த அளவைவிட நான்கு மடங்கு விஷம்’ என்று எழுதிய செய்திகள் ஏராளம். அது மீனவர்களின் வயிற்றில் அடிப்பது. கல்லீரலில் அளந்ததைச் சதையில் அளந்ததாக எழுதுவதும் அப்படியே.

மறுபக்கத்தில், வரம்புக்குள் இருக்கிறது என்ற சான்றும் எல்லோருக்கும் ஆறுதல் தராது. உலகச் சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்த வல்லுநர் குழு, கருவைக் காப்பதற்காக மெத்தில் பாதரசத்துக்கு வைத்த எல்லை வாரத்துக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம். ஐம்பது கிலோ எடையுள்ள கர்ப்பிணிக்கு இது வாரத்துக்கு 80 மைக்ரோகிராம். ஒரு மீனில் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் இருந்தால், பல நாடுகளின் சட்டப்படி அதை விற்கலாம். ஆனால் அந்த மீனில் 160 கிராம் தின்றாலே அவளுடைய வாரக் கணக்கு தீர்ந்துபோகும். இரண்டு துண்டு. கிலோவுக்கு 0.05 மட்டுமே உள்ள மீன் என்றால் ஒன்றரைக் கிலோ வரை சாப்பிடலாம். வாரம் ஒருநாள் சாப்பிடும் ‘சராசரி’ மனிதருக்காக வைத்த வரம்பு, தினமும் இருவேளை மீன் தின்னும் குப்பத்துப் பெண்ணுக்குப் பொருந்தாது.

பெட்டிச் செய்தி: சில எல்லைகள் (ஈர எடை, கிலோவுக்கு மில்லிகிராம்)

ஐரோப்பிய ஒன்றியத்தில் மீன் சதைக்கு ஈயம் 0.30. காட்மியம் பெரும்பாலான மீன்களுக்கு 0.05, சிப்பிகளுக்கு 1.0.

சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 2018-ல் மெத்தில் பாதரசத்துக்கு வைத்த எல்லை: சூரை 1.2, சுறா 1.6.

ஈயத்துக்கு இருந்த பழைய ‘தாங்கக்கூடிய வார அளவை’ வல்லுநர் குழு 2010-ல் திரும்பப் பெற்றுக்கொண்டது. குழந்தைகளின் மூளைக்குத் தீங்கில்லாத ஈய அளவு என்று எதையும் சுட்ட முடியவில்லை என்பதே காரணம்.

பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு

நம் வீடுகளில் இந்தப் பேச்சு நேராகத் தொடும் இடம் ஒன்று உண்டு. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டுமென்று பூண்டும் இஞ்சியும் சின்ன வெங்காயமும் தட்டிப்போட்டு அம்மா செய்து தரும் சுறாப்புட்டு. அன்பும் அக்கறையும் நிறைந்த அந்தச் சமையலைக் கேலி செய்ய யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் சுறா நீண்டகாலம் வாழும் கொன்றுண்ணி. பாதரசம் அதிகம் சேரும் மீன்களில் முதல் வரிசையில் நிற்பது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தவிர்க்கச் சொல்லும் பட்டியலில் சுறாவும் வாள்மீனும், நம் வஞ்சிரத்தின் நெருங்கிய உறவான கிங் மேக்கரலும், பெருங்கண் சூரையும் இருக்கின்றன. தாராளமாகச் சாப்பிடச் சொல்லும் பட்டியலில் மத்தியும் நெத்திலியும்.

பால் சுறா என்று சந்தையில் வாங்குவது பெரும்பாலும் சிறிய இனம். ஆளுயரச் சுறாவின் அளவுக்கு அதில் சேர்ந்திருக்காது. ஆனாலும் நம் கடலோரத்தில் விற்கும் பால் சுறாவை இனவாரியாக, நீளவாரியாக அளந்து தாய்மாருக்குச் சொல்லும் வழக்கம் நம்மிடம் இல்லை. சொல்லும் வரை மத்தியை நம்பலாம் என்பதே எங்கள் கருத்து. பிள்ளை பெற்ற பிறகு மட்டும் கவனித்தாலும் போதாது. மனித உடலில் மெத்தில் பாதரசம் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஐம்பது நாளாகும். கருத்தரிக்க நினைக்கும்போதே பெரிய மீனைக் குறைத்துக்கொள்வதில் பொருள் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு மீனையே நிறுத்துவது பெரும் தவறாகிவிடும். வட அட்லாண்டிக்கின் ஃபரோ தீவுகளில் திமிங்கிலக் கறி தின்ற தாய்மாரின் குழந்தைகளிடம் பாதரசத்தின் பாதிப்பு தெரிந்தது. இந்தியப் பெருங்கடலின் செஷல்ஸ் தீவுகளில் பலவகைக் கடல் மீனை அன்றாடம் தின்ற தாய்மாரின் குழந்தைகளிடம் அப்படித் தெரியவில்லை. ஒமேகா-3, செலினியம், நல்ல புரதம் எல்லாம் மீனோடு சேர்ந்தே வருகின்றன. கர்ப்பிணி மீன் சாப்பிடாமல் இருப்பதும் குழந்தைக்கு இழப்பே என்று 2010-ல் கூடிய உலக வல்லுநர்கள் சொன்னார்கள். வளர்ப்புக் குளத்துக் கட்லாவும் ரோகுவும் வேகமாக வளர்ந்து இளவயதிலேயே சந்தைக்கு வருபவை. அவற்றில் பாதரசம் குறைவு. அந்தக் குளத்துக்கு வரும் தண்ணீர் எது என்பதே அங்கே கேட்க வேண்டிய கேள்வி.

சொன்னால் பிழைப்பு, சொல்லாவிட்டால் பிள்ளை

2023 எண்ணெய்க் கசிவுக்குப் பிறகு எண்ணூர் மீன் என்றாலே வாங்குபவர்கள் ஒதுங்கினார்கள். மீனவக் குடும்பத்துக்கு அரசு அறிவித்த நிவாரணம் 12,500 ரூபாய். தொழில் நின்ற காலத்துக்கு அது எத்தனை நாள் தாங்கும் என்று கரையில் யாரைக் கேட்டாலும் தெரியும்.

இந்தக் கட்டுரையை எழுதும்போது எங்களை உறுத்தியதும் இதுவே. உலோக அளவை வெளியே சொன்னால் நகரம் மீனை மட்டும் ஒதுக்கும், குழாயை ஒதுக்காது. காட்டுக்குப்பத்திலும் முகத்துவாரக்குப்பத்திலும் உள்ளவர்கள் விற்க முடியாத மீனைத் தாங்களே தின்பார்கள். ஆற்றைக் கெடுத்தவருக்கு ஒரு நஷ்டமும் வராது. இதற்குப் பயந்தே எத்தனையோ பேர் பேசாமல் இருக்கிறார்கள். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. ஆனால் மௌனத்தின் செலவும் அதே குடும்பங்களின் தலையில்தான் விழுகிறது; ரசீது இல்லாமல் விழுகிறது.

அந்த மீனவர்கள் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். காட்டுக்குப்பத்து மீனவர் ஒருவர் தொடுத்த வழக்கில்தான் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வல்லுநர் குழுவை நியமித்தது. கெடுத்தவரே செலவேற்றுக் கழிமுகத்தை மீட்க வேண்டுமென்று 2022-ல் உத்தரவிட்டது. ஆற்றின் நிலையைப் படம்பிடித்து, குழாய் உடைந்த தேதிகளைக் குறித்து வைத்தவர்கள் அவர்கள். பாடு முறைப்படி யார் எந்த நாளில் எங்கே வலை கட்டுவது என்று தலைமுறைகளாகக் கணக்கு வைத்துத் தொழில் செய்யும் சமூகத்துக்குக் கணக்கெடுப்பைக் கற்றுத்தர வேண்டியதில்லை.

நாட்டைவிட்டுப் போகும் இறாலுக்கும் கணவாய்க்கும் எச்சக் கண்காணிப்புத் திட்டம் இருக்கிறது, ஆய்வகம் இருக்கிறது, சான்றிதழ் இருக்கிறது. ஐரோப்பியத் துறைமுகத்தில் ஒரு கண்டெய்னர் காட்மியத்துக்காகத் திருப்பி அனுப்பப்பட்டால் மறுநாளே கூட்டம் போடுகிறார்கள். கருவியும் ஆளும் நம்மிடம் உண்டு என்பதற்கு அதுவே சாட்சி. சதையில் சில கிராம் எடுத்து, அமிலத்தில் கரைத்து, நிறமாலைக் கருவியில் செலுத்தி அளப்பது இன்று எந்தப் பெரிய ஆய்வகத்துக்கும் வழக்கமான வேலை. அந்த வேலை உள்ளூர்த் தட்டுக்காக நடப்பதில்லை.

கனடாவின் ஒண்டாரியோ மாநிலம் இதை நெடுங்காலமாகச் செய்துவருகிறது. ஒரு காகித ஆலை அறுபதுகளில் ஆற்றில் விட்ட பாதரசம், கிராஸி நாரோஸ் பழங்குடி மக்களின் மீனை இன்றுவரை கெடுத்து வைத்திருக்கும் மாநிலம் அது. அங்கே 2,000-க்கும் மேற்பட்ட நீர்நிலைகளுக்கு மீன் வாரியாக, மீனின் நீளம் வாரியாக, மாதத்துக்கு எத்தனை வேளை சாப்பிடலாம் என்று அரசே பட்டியல் வெளியிடுகிறது. பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் தனி எண். மற்றவர்களுக்குத் தனி எண். மீன் பிடிப்பதை நிறுத்தச் சொல்லவில்லை; தெரிந்து சாப்பிட வழி செய்திருக்கிறார்கள்.

நமக்கு 2,000 வேண்டாம். எண்ணூர், பழவேற்காடு, கொடைக்கானல் ஏரி, பேரிஜம், மேட்டூர், நொய்யலின் ஒரத்துப்பாளையம், பாலாற்றுப் படுகையின் ஏரிகள், தூத்துக்குடிக் கடலோரம் என்று தொடங்கலாம். மழைக்கு முன் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை. மீன், இறால், நண்டு, சிப்பி நான்கும். சதைக்குத் தனி அளவு, குடலுக்குத் தனி அளவு, எல்லாம் ஈர எடையில். மாதிரி எடுக்கும்போது அந்தந்த ஊர் மீனவர் கூட இருக்க வேண்டும். முடிவைத் தமிழில் ஏலக்கூடத்துச் சுவரிலும் கர்ப்பிணிகள் வரும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒட்ட வேண்டும். ஒரு மீனைச் சாப்பிட வேண்டாம் என்று சொல்லும் நாளிலேயே, அதைப் பிடித்து வாழ்பவருக்கு எவ்வளவு, யார் தருவது என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். எண்ணூர்த் தாளில் மட்டும் இன்னும் இரண்டு வரிகள் கூடுதலாக வேண்டும்: கழிமுகத்திலிருந்து இதுவரை அகற்றிய சாம்பல் எத்தனை டன், இன்னும் கிடப்பது எத்தனை டன்.